ஞாயிறு மண்பாதை சைக்கிள் பயணம்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 5.30க்கு வேலூர் பக்கத்துக் கணியம்பாடி பஸ் ஸ்டாப்பில் கூடுகிறோம். நாகநதிப் பக்கத்து மண்பாதை, ஏரிக்கரை வழியாக அமிர்தி வரை. பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கமே போகவில்லை. லாரி இரைச்சல் இல்லாமல் ஓட்டுவது தனி சுகம்.

1. டயர் 40 மி.மீ. அகலம் இருந்தால் நல்லது. காற்றைக் கொஞ்சம் குறைத்தே அடியுங்கள், கல்லில் சக்கரம் துள்ளாது.
2. ஸ்பேர் ட்யூப், பம்ப் கட்டாயம். போன முறை என் டயரில் சீமைக்கருவேல முள் ஏறி, ஒடிந்த நுனி உள்ளேயே தங்கிவிட்டது. புது ட்யூபும் அதனால் போச்சு. மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள்.
3. ஹெல்மெட், 2 லிட்டர் தண்ணீர்.
4. வழியில் நெல், வேர்க்கடலை காயப்போட்டிருந்தால் இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகணும். அவர்கள் உழைப்பு அது.

வருபவர்கள் வெள்ளி இரவு 9 மணிக்குள் பெயர் போடுங்கள். புதியவர்கள் டயர் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.