கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. ஊராட்சிப் பணியாளர் ஒருவர் புகை மருந்து இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறார். பின்னால் பிள்ளைகள் ஓடுகிறார்கள். டெங்கு தடுப்புப் பணி தீவிரமாக நடக்கிறது என்று கீழே ஒரு வரி. மழைக்காலம் வந்துவிட்டால் எல்லா நாளிதழ்களிலும் இப்படி ஒரு படம் வரும். பொதுச் சுகாதாரத் துறையில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் வேலை என்றாலே அந்தப் புகைதான் என்று மக்கள் நினைத்துவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். முதலில் கொசுவைப் பற்றியும், பிறகு முக்கியமாகக் குடிநீரில் கலக்கும் குளோரினைப் பற்றியும் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புகை மருந்து பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். காய்ச்சல் கண்ட வீட்டையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் உடனே கவனிக்க அது உதவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெருவில் இருப்பதில்லை. கட்டிலுக்கு அடியிலும், கொடியில் தொங்கும் துணி இடுக்கிலும், பீரோவுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கும். தெருவில் அடிக்கிற புகை அதுவரை போய்ச் சேராது. சேர்ந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் டிரம்மில் அடுத்த தொகுதி தயாராகிக்கொண்டிருக்கும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும்.

நான் கடைசியாக வேலை பார்த்தது பரமக்குடிப் பக்கம். வருவாய்த் துறைக்கு இராமநாதபுரம் ஒரே மாவட்டம். எங்கள் துறையோ அதை இராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு சுகாதார மாவட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. இங்கே தண்ணீர்க் கஷ்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து குழாய் வழியாக வரும் தண்ணீரை நம்பித்தான் பல கிராமங்கள் இருக்கின்றன. அது தினமும் எல்லாத் தெருவுக்கும் வருவதில்லை. வருகிற அன்று வீட்டிலுள்ள டிரம், அண்டா, சிமெண்டுத் தொட்டி, குடம் எல்லாவற்றிலும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். போதாததற்கு லாரித் தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குவார்கள். ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. இப்படிச் சேமித்து வைத்த சுத்தமான தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

அந்த டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலையின் பெரும்பகுதி. வெளிச்சம் பட்டதும் மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கொசுப் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிக்குப் போகும். அரை நிமிடம் டார்ச்சை அசைக்காமல் பிடித்திருந்தால் மூச்சு வாங்க மறுபடி மேலே வரும். வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு அதைக் காட்டிவிட்டால் நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரைக் கீழே ஊற்றுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. "தம்பி, காசு குடுத்து வாங்குன தண்ணிய்யா" என்று ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொள்வார். அதனால் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொல்வோம். டிரம்மின் உள்பக்கத்தைத் தென்னை நார் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல்வோம். தேய்ப்பதுதான் முக்கியம். முட்டை தண்ணீரில் மிதக்காமல், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கவிழ்த்து வைத்த டிரம் ஆபத்து நீங்கிய டிரம் ஆகாது. கடைசியில் பழைய வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்டச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். அடுத்த வாரம் அதே வீட்டுக்கு மறுபடி வர வேண்டும். இதைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை.

சரி, இப்போது குடிநீருக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நாங்கள் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. கிருமியைக் கொல்லும் குளோரின் அந்தப் பவுடரில்தான் இருக்கிறது. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். தெருவின் கடைசிக் குழாயில் பிடிக்கும் தண்ணீரில் குறைந்தது 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். பார்ப்பதும் சுலபம். குளோரின் அளவைப் பார்க்கும் குளோரோஸ்கோப் பெட்டியிலுள்ள சிறு குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சொட்டுவிட்டால் மஞ்சள் நிறம் வரும். அந்த நிறத்தை அளவு அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நிறம் வரவில்லை என்றால் குளோரின் இல்லை.

நடைமுறையில் என்ன ஆகிறது? மருந்து வாடை அடிக்கிறது, சோறு நன்றாயில்லை என்று நாலு பேர் சத்தம் போட்டால் தொட்டி ஆபரேட்டர் அளவைக் குறைத்துவிடுகிறார். பவுடர் மூட்டை வாய் திறந்தபடி பம்பு அறையின் ஈரத்தில் கிடக்கிறது. அப்படிக் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, எத்தனை கிராம் போட்டாலும் பயனில்லை. பதிவேட்டில் மட்டும் தினமும் "குளோரின் கலக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும். ஆபரேட்டரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சொற்பச் சம்பளத்துக்கு, கையுறைகூட இல்லாமல் அந்த ஏணியில் ஏறி இறங்குகிற மனிதர் அவர்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். நல்ல கோடை. கிராம சுகாதார செவிலியர் போன் செய்தார். "சார், கீழத்தெருவுல ரெண்டு நாளா வயித்துப்போக்கு ஜாஸ்தியா இருக்கு, உடனே வாங்க" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நோயாளிகள் வந்து சேருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. நர்சம்மா தினமும் அந்தத் தெருவில் நடப்பவர், அதனால் தெரிந்தது. நாங்கள் இருவரும் வீடு வீடாகப் போய் யாருக்கு, எந்த வயது, எப்போது தொடங்கியது, தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்தது என்று எழுதினோம். எழுதி முடித்துப் பார்த்தால், கோயிலைத் தாண்டிய வீடுகளில் மட்டும்தான் நோய். அதற்கு இந்தப் பக்கம் ஒருவருக்கும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் வருவது ஒரே தொட்டியிலிருந்துதான்.

தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் சோதித்தால் மஞ்சள் நன்றாகவே வந்தது. கோயிலுக்கு அந்தப் பக்கம் சொட்டுவிட்டுப் பார்த்தால் நிறமே இல்லை. அந்தத் தெரு கொஞ்சம் மேடு, தண்ணீர் ஏறாது. அதனால் ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயைத் தாழ்த்தி, அதன் வாயில் துணியை அடைத்து வைத்திருந்தார்கள். குழியில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் தேங்கி நிற்கிறது. தண்ணீர் விடும் நேரம் முடிந்து குழாயில் அழுத்தம் போனதும், குழியில் நிற்பதைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். போதாததற்குச் சாக்கடைக்கு அடியில் போகும் குழாயில் ஓர் இணைப்பும் விட்டுப்போயிருந்தது, தோண்டிப் பார்த்ததில் தெரிந்தது. அழுக்கோடு போராடியே குளோரின் தீர்ந்துவிட்டது. மஞ்சள் வராததற்குக் காரணம் அதுதான்.

வால்வை அடைத்தோம், லாரியில் தண்ணீர் விட்டோம், உடைப்பைச் சரிசெய்து குழாயைக் கழுவிவிட்டோம். செவிலியர் வீடு வீடாக ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைத் தூள் கொடுத்து, ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்று கரைத்தே காட்டினார். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு நின்றதும் தாய்மார்கள் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்பதால் பிறகும் போய் அட்டையை எண்ணிப் பார்த்தார். யாரும் சாகவில்லை, நாளிதழிலும் வரவில்லை. வராததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இப்படிப்பட்ட வேலை நடக்கிறது என்பதே தெரியாததால்தான் அதற்கான ஆள் இல்லாமல் போவதும் வெளியே தெரிவதில்லை.

5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் ஒரு செவிலியர், ஓர் ஆண் சுகாதாரப் பணியாளர் என்பது பழைய கணக்கு. நான் இருந்த வட்டாரத்தில் செவிலியர் ஓரளவு இருந்தார்கள். ஆய்வாளர்களோ பக்கத்துப் பகுதிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொரோனா வந்தபோது தற்காலிகமாக இளைஞர்களை எடுத்தார்கள். தொடர்பில் இருந்தவர்களைத் தேடி வீடு வீடாக அலைந்த நல்ல பிள்ளைகள் அவர்கள். வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் தகுதியுள்ளவர்களைத் தக்கவைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செவிலியர் பாடும் லேசானதில்லை. கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கான விவரம் என்று கணினிப் பதிவே பாதி நாளைத் தின்றுவிடுகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருவதைக் கண்ணால் பார்க்கிறேன். அதே ஊரில் கடைசிக் குழாயைச் சோதிக்கவும் ஆள் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

1939-ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. அந்தச் சட்டத்தில் குடிநீருக்கும் கொசு ஒழிப்புக்கும் திருவிழாக்களுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கும் பரமக்குடி சித்திரைத் திருவிழாவுக்கும் முன்கூட்டியே போய்த் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்க்கிற பழக்கம் எங்கள் துறைக்கு இன்றும் இருக்கிறது. நூறாண்டைக் கடந்துவிட்ட துறை, அனுபவத்துக்குக் குறைவில்லை. களத்தில் ஆள்தான் போதவில்லை.

உங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் கீழும் ஒரு கரும்பலகை வையுங்கள். அன்றைய தேதி, கடைசிக் குழாயில் பார்த்த குளோரின் அளவு, பார்த்தவர் பெயர் மூன்றையும் தினமும் எழுதச் சொல்லுங்கள். பவுடர் போட்டோமா என்பதை எழுத வேண்டாம், குழாயில் என்ன வந்தது என்பதை எழுதட்டும். ஆய்வாளர் எல்லா ஊருக்கும் தினமும் போக முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சியும் பெட்டியும் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. அவர்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். 0.2-க்குக் கீழே வந்த அன்று அவர்கள் ஆய்வாளருக்கும் ஊராட்சிச் செயலருக்கும் ஒரு போன் செய்தால் போதும். உங்கள் நிருபர்களும் ஊருக்குப் போகும்போது அந்தப் பலகையைப் பார்த்து, அதில் இருக்கும் அளவைச் செய்தியில் போடலாம்.

குழிக் குழாய்களை மூடச் சொல்வதற்கு முன் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் ஏற வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூடிய குழியை மறுநாளே தோண்டுவார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இதைச் செய்துவிடலாம். அப்படியே தொட்டி ஆபரேட்டர்களுக்குக் கையுறை, முகக்கவசம், பவுடரை ஈரம் படாமல் வைக்க மூடியுள்ள ஒரு டிரம் ஆகியவற்றையும் வாங்கிக் கொடுக்கும்படி ஊராட்சி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
பரமக்குடி வட்டாரம்,
இராமநாதபுரம் மாவட்டம்.