வில்லங்கச் சான்றும் என் தூக்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டப் பகுதியில் வீடு வாங்குவோருக்கான ஆலோசனையைப் படித்தேன். "முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கலாம்" என்று முடித்திருந்தீர்கள். நானும் அந்தச் சான்றை வாங்கித்தான் வீடு வாங்கினேன். அதில் ஒரு கறையும் இல்லை. நான் தூங்கித்தான் ஐந்து மாதமாகிறது.

வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல், அவ்வளவே. இது தங்களுக்குத் தெரியாததல்ல. பதிவு செய்யாத உயில் அதில் வராது. மரணமும் வராது. ஒருவர் கண்ணை மூடிய நிமிடமே யார் யாருக்குப் பங்கு உண்டாகிவிட்டது என்பதும் வராது. அதற்குப் பத்திரமே தேவையில்லையே.

எங்களுக்கு வீட்டை விற்றவர்கள் ஒரு அம்மையாரும் அவருடைய இரண்டு மகன்களும். வீடு அந்த அம்மையாரின் கணவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர், கிரயப் பத்திரத்தில் மூன்று கையெழுத்து. வங்கிக் கடனுக்காக ஆவணங்களைப் பார்த்த வழக்கறிஞரும் உரிமையில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார், கட்டணமும் வாங்கிக்கொண்டார். எல்லாரும் விட்டுவிட்டது இறந்தவரின் தாயாரை.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. மகன் இறந்தபோது அந்த மூதாட்டி உயிரோடு இருந்தார். வீட்டில் நான்கில் ஒரு பங்கு அன்றே அவருடையதாகிவிட்டது. பிறகு அவரும் உயில் எழுதாமல் போய்ச் சேர, அந்தக் கால் பங்கு அவருடைய இரண்டு மகள்களுக்கும் முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்குமாக மூன்றாகப் பிரிந்தது. வாரிசுச் சான்றிதழை அவரும் இறந்த பிறகே வாங்கியிருக்கிறார்கள். உயிரோடு இருந்தவர்களின் பெயர் மட்டும் அதில் ஏறியது. ஐந்து மாதத்துக்கு முன் பதிவுத் தபாலில் வந்தது அந்த இரண்டு மகள்களின் வக்கீல் நோட்டீஸ். இருவருக்குமாக ஆறில் ஒரு பங்கு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் பங்கைத்தானே கேட்கிறார்கள். ஆறில் ஒரு பங்கு என்றால் சமையலறையா, மாடிப்படியா என்று என் மனைவி கேட்கிறாள். அதற்குத்தான் பதில் இல்லை.

முன்பணம் கொடுக்கப் போன நாள் நினைவில் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு படங்கள் மாலையோடு தொங்கின. ஒன்று அந்த மனிதர், மற்றது அவருடைய தாயார். இரண்டிலும் அடியில் மறைந்த தேதி எழுதியிருந்தது. தாயாரின் தேதி பதினான்கு மாதம் பிந்தியது. உண்மையான வில்லங்கச் சான்று அந்தச் சுவரில் இருந்தது. நான் அதன் கீழே உட்கார்ந்து ரூபாய் நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தங்கள் இதழை நம்பி நான் இடறியது இது முதல் முறையும் அல்ல. சிறிய அச்சகம் நடத்துகிறேன். காசோலை திரும்பினால் "உடனே" வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எனக்குக் காசோலை கொடுத்தவர் பழைய வாடிக்கையாளர், நாளை நாளை என்றார். வங்கியின் மெமோ கைக்கு வந்த முப்பத்து நான்காம் நாள் வக்கீலிடம் போனேன். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி நோட்டீஸ் அனுப்ப 30 நாள்தான் என்று அவர் சொன்னபோதுதான் தங்கள் "உடனே"க்கு எத்தனை நாள் என்று தெரிந்தது. காசோலையின் மூன்று மாத ஆயுளும் முடிந்திருந்ததால் மறுபடி வங்கியில் போடவும் வழியில்லை.

அடுத்து, சிறு தொழில் செய்வோருக்கு 45 நாளில் பணம் "கிடைக்கும்" என்றொரு கட்டுரை. அந்தச் சொல்லை மிகவும் ரசித்தேன். 2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்வது, வாங்கியவர் அதற்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் கூட்டு வட்டி என்று. நான் வட்டியைப் பற்றிப் பேச்செடுத்த மறுவாரம் எனக்குப் பணம் தர வேண்டிய வாடிக்கையாளர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். அதற்கு எந்தப் பிரிவு என்று தங்கள் சட்டப் பகுதிக்கு எழுதிக் கேட்டேன். "தகுந்த வழக்கறிஞரை அணுகவும்" என்று பதில் வந்தது. தகாத வழக்கறிஞரை நானாகத் தேடிப் போக மாட்டேன், ஐயா.

இன்னொன்றும் கண்ணை உறுத்துகிறது. அதே சட்டப் பகுதியின் கீழ்ப்பாதியில் மனைப்பிரிவு விளம்பரம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பதிவு எண்ணை விளம்பரத்தில் போடச் சொல்கிறது. தொழில் முறையில் கேட்கிறேன்: தாங்கள் போட்டிருக்கும் எழுத்தின் அளவு நான்கு பாயிண்டா, ஐந்து பாயிண்டா? என் மூக்குக்கண்ணாடியோடு உருப்பெருக்கியும் வைத்துப் பார்த்தேன், அது எழுத்தா மைத்துளியா என்று தீர்மானிக்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் இரண்டு வரி: "சொத்தின் உரிமையாளர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் இறந்த தேதியில் அவருடைய தாயார் உயிரோடு இருந்தாரா என்று கேளுங்கள். இருந்திருந்தால், அந்தத் தாயாரும், அவர் இப்போது இல்லையென்றால் அவருடைய வாரிசுகளும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்." பெட்டி கட்டிப் போட வேண்டாம், வருத்தமும் தெரிவிக்க வேண்டாம். இனி "உடனே" என்று எழுதும் இடத்தில் நாள் கணக்கைப் போட்டால் நலம்.

ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். அந்த இரண்டு வரி வருகிறதா என்று பார்க்க வேண்டுமே.

இப்படிக்கு,
பத்தொன்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டும் அச்சகக்காரன்