வராந்தாவில் நின்றபடி கேட்ட செய்தி

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அப்பாவுக்குப் புற்றுநோய் கல்லீரல் வரை பரவிவிட்டதை ஒரு மருத்துவமனையின் வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபடி கேட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நோய் வேறு உறுப்புக்குப் பரவுவதைச் சொல்லும் 'மெட்டாஸ்டாசிஸ்' என்ற சொல் மட்டும் காதில் நின்றது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்" என்று கெஞ்சினேன். சேலத்திலிருந்து திரும்பும்போது, பஸ் தொப்பூர் கணவாய் ஏறுகையில் அப்பா கேட்டார்: "ஏம்மா, கெணத்துப் பங்க இந்த வருசமே எழுதிடலாமா?" அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு மாதம் இருவரும் தெரியாதது போலவே இருந்தோம்.

அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே அத்தனை பெரிய வரிசை. அவருக்கும் இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் இது கற்றுத்தரக்கூடிய விஷயம்தான். 2000-ல் புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த 'ஸ்பைக்ஸ்' என்ற ஆறு படி முறை இருக்கிறது. தனியிடத்தில் உட்கார வேண்டும். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரையே கேட்க வேண்டும். அப்புறம்தான் செய்தி, அதுவும் எளிய பேச்சில். அழுதால் அழவிட்டு, பிறகு அடுத்து செய்ய வேண்டியதைப் பேச வேண்டும். அப்பாவை யாரும் எதையும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கேட்டது, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ். 2021 ஆகஸ்டில் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு சொல்லியிருக்காங்க?" என்றார். அப்பா ஒரு மணி நேரம் பேசினார். அன்று ராத்திரிதான் என்னைக் கூப்பிட்டுக் கிணற்றுப் பங்கு, அம்மாவின் மருந்துச் செலவு எல்லாவற்றையும் சொன்னார்.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே நோயாளியிடம் பேசும் பயிற்சி உண்டு. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நடக்கின்றன. அங்கே மாணவர்களோடு, ஏற்கெனவே பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இந்தப் பயிற்சி தர வேண்டும். ஓசூர், தளி பக்கத்து நோயாளிகளுக்காகத் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லிப் பழக வேண்டும். புறநோயாளிகள் பிரிவுக்குப் பக்கத்தில் கதவு சாத்திக்கொள்ள ஒரு சிறு அறையும் நான்கு நாற்காலிகளும் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்