எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்று விட்டுவிடாதீர்கள்: குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குடும்ப மருத்துவர்களுக்கு,

வணக்கம். கல்லீரல் நோயாளிகளைக் கவனித்துவரும் மருத்துவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், வந்தவர்களில் பலர் ரத்த வாந்தியோடோ, வயிறு முட்ட நீர் கோத்தோதான் எங்களிடம் முதன்முதலாக வந்து சேர்கிறார்கள். பழைய பரிசோதனைத் தாள்களைப் புரட்டினால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியிருக்கும். பக்கத்திலேயே, கல்லீரல் நொதி ஒன்றைப் பற்றி, 'எஸ்.ஜி.பி.டி. நார்மல்' என்று எழுதியிருக்கும்.

அந்த நார்மலை நம்பாதீர்கள். கல்லீரல் செல்கள் இப்போது எவ்வளவு சிதைகின்றன என்பதைத்தான் அந்த நொதி காட்டும். எவ்வளவு தழும்பு ஏறியிருக்கிறது என்பது அதில் தெரியாது. தழும்பேறிய கல்லீரலுக்குள் ரத்தம் நுழையத் திணறும்போது குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடுகிறது. மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் கல்லீரலில்தான் சுரக்கிறது, அதுவும் குறைந்துபோகும். எனவே தட்டணு 1,50,000-க்குக் கீழே இறங்கினால் காரணம் தெரியும்வரை விடாதீர்கள்.

தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்குக்குத் தனிச் செலவு இல்லை. வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதியின் அளவால் பெருக்குங்கள். தட்டணுவை ஆயிரத்தில் எடுத்து, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுங்கள். வயது 58, எஸ்.ஜி.ஓ.டி. 44, எஸ்.ஜி.பி.டி. 36, தட்டணு 1,15,000 என்று வைத்துக்கொள்வோம். 2552-ஐ 690-ஆல் வகுத்தால் 3.7. நொதிகள் இரண்டும் கண்ணை உறுத்தாத அளவில் இருக்க, விடை மட்டும் அபாயத்தில் நிற்கிறது! 1.3-ஐத் தாண்டினால் (65 வயதுக்கு மேல் 2.0) கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராபி எடுங்கள், 2.67-ஐத் தாண்டினால் நிபுணரிடம் அனுப்பத் தாமதிக்காதீர்கள். எலாஸ்டோகிராபிக்கு மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும், சாப்பிட்டிருந்தால் அளவு கூட்டிக் காட்டும். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது.

'குடிப்பீர்களா?' என்ற கேள்வியோடு காரணத் தேடல் நின்றுவிடுகிறது. குடிக்காதவரைக் குடிகாரராகப் பார்ப்பது அவருக்கும் குடும்பத்துக்கும் செய்யும் அநீதி. சர்க்கரை நோயும் உடல் பருமனும் கொண்டுவரும் கொழுப்புக் கல்லீரலே பலருக்குக் காரணம். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் எல்லோருக்கும் பாருங்கள். சி பெரும்பாலானோருக்கு 8 முதல் 12 வார மாத்திரையில் குணமாகும். இளவயதினரிடம் தாமிரம் சேரும் வில்சன் நோயையும் நினைவில் வையுங்கள்.

வயிற்றில் நீர் கோத்து மருத்துவமனைக்கு வருகிறவருக்கு அன்றே ஊசியால் நீர் எடுத்துச் சோதிக்கவேண்டும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கூடியிருக்கிறது என்று தள்ளிப்போடத் தேவையில்லை. அந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் 250-ஐத் தாண்டினால் கிருமித்தொற்று. காய்ச்சலோ வலியோ இல்லாமலும் இருக்கும்.

இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குவது கல்லீரல் பழுதால் வரும் மூளைக் குழப்பத்தின் தொடக்கமாக இருக்கலாம். தூக்க மாத்திரை எழுதிவிட்டால் அவர் மயக்கத்துக்கே போய்விடக்கூடும். அதைத் தூண்டும் மலச்சிக்கலையும் தொற்றையும் தேடுங்கள். நாளுக்கு 2, 3 முறை இளகலாக மலம் போகும் அளவுக்கு லாக்டுலோஸ் கொடுங்கள். புரதத்தைக் குறைக்கச் சொல்லாதீர்கள், தசை கரைந்தால் மூளையைக் குழப்பும் அம்மோனியா இன்னும் ஏறும். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், சிறுநீரகம் பழுதாகும். பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள் கொடுக்கலாம்.

சிரோசிஸ் உறுதியானவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கல்லீரல் புற்றுநோயைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம்.

எங்களிடம் அனுப்பும் கடிதத்தில், கிடைக்கும் பழைய தட்டணு எண்ணிக்கைகள் அனைத்தையும் தேதியோடு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கல்லீரல் நோய் மருத்துவர்கள்