கத்தி வைக்குமுன் தோளைப் பாருங்கள்

பேஸ்மேக்கர் பொருத்தும் இதய மருத்துவர்களுக்கு,

வணக்கம். பாம்பனில் கரைவலை இழுப்பவரின் மகள் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இடது காறை எலும்பின் கீழே, தோலுக்கு அடியில், இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் அந்தக் கருவியை வைத்தீர்கள். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் வைப்பது வழக்கம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வலைக்கயிறு ஏறுவதும் அவருக்கு இடது தோளில்தான். அங்கே காய்த்துப்போயிருந்த தோலைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏழாம் மாதம் அந்த இடம் சிவந்தது. பிறகு வெங்காயச் சருகு போல மினுமினுத்தது. அப்பா எலும்பும் தோலுமான உடம்பு. கருவியின் விளிம்பை விரலால் தொட்டே அறிந்துவிடலாம். சட்டை உரசாதிருக்க அம்மா பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்தார். மருந்துக்கடைக் களிம்பும் தடவினோம். ஒருநாள் விடியற்காலையில் துணி ஈரமாக இருந்தது. எடுத்தால், உள்ளே உலோகம் பளபளத்தது.

தோல் கிழிந்துவிட்டால் கிருமி புகுந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று பிறகுதான் சொன்னீர்கள். கருவியோடு இதயத்துக்குள் போன கம்பிகளையும் உருவி எடுத்தீர்கள். புதியதை வலப்பக்கம் வைக்கும்வரை தற்காலிகக் கருவியில் அப்பாவின் உயிர் ஓடியது.

மெலிந்த உடம்புக்கு மார்புத் தசையின் அடியில் வைக்கும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. அதில் வலி கூடும், ரத்தம் கசியலாம், பேட்டரி மாற்றும்போது வேலையும் அதிகம்; ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிரமத்தை எங்களிடம் சொல்லியிருந்தால் நாங்களே முடிவு செய்திருப்போமே!

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் தந்தீர்கள், ஆங்கிலத்தில். பாரம் இழுக்கக் கூடாதாம், ஓய்வெடுக்க வேண்டுமாம். எங்கள் கரை அறிந்த ஓய்வு மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள்தான். அதுவும் விசைப்படகுக்குத்தான், கரைவலைக்கு இல்லை. மதுரைக்கு பஸ் ஏறிவந்து திரும்பும் நாளுக்குக் கூலி யார் தருவார்கள் என்று அந்தத் தாளில் போடவில்லை. சரி, அதை உங்களிடம் கேட்டுப் பயனில்லை.

கேட்பது ஒன்றுதான். கத்தி வைக்குமுன் என்ன வேலை, எந்தத் தோளில் சுமை என்று கேளுங்கள். சதைப்பற்று இல்லாதவரானால் எலும்பு முனையையும் அக்குளையும் விட்டு விலக்கி, தேவைப்பட்டால் தசைக்கடியில் வையுங்கள்.

அடுத்த மாதம் பெரியப்பாவை அழைத்து வருகிறோம். அவர் வலது தோளில் இழுப்பவர். தயவுசெய்து அவரிடமாவது முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு மகள்