19வது கோலி

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகும் சின்னவன் கேட்டது மனதிலேயே நின்றது. "தாத்தா, காகிதக் கப்பல் எத்தனை கோலி தாங்கும்?" ராத்திரியே ஒரு ஏ4 தாளில் கப்பல் மடித்து, அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி உட்கார்ந்துவிட்டேன்.

18 கோலி வரை அசையாமல் நின்றது. 19வதை வைத்ததும் எல்லாக் கோலிகளும் ஒரு பக்கமாக உருண்டன. கப்பல் சாய்ந்தது, விளிம்பு வழியே தண்ணீர் புகுந்தது, போய்விட்டது. ஆனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அதுவரை நல்ல இடைவெளி இருந்ததைப் பார்த்தேன். அப்படியென்றால் எடை கூடியதால் மூழ்கவில்லை, சரக்கு உருண்டதால்தான். புதுத் தாளில் இன்னொரு கப்பல் மடித்தேன். அதே 19 கோலியைத் துணியில் இறுக்க முடிந்து நடுவில் வைத்தேன். நின்றது! எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

உனக்கு எட்டு வயதில் நீயும் இதையே கேட்டாய். "கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும்" என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். கூட உட்கார்ந்திருக்க வேண்டும். அது இன்றும் உறுத்துகிறது.

கணக்கும் வேண்டியதுதான். சின்னவனிடம் தட்டையான பெட்டிக் கப்பல் செய்யச் சொல். ஏ4 தாளின் நான்கு பக்கமும் 4 செ.மீ. மடித்து நிமிர்த்தினால், அடிப்பக்கம் 13க்கு 21.7 செ.மீ. வரும். மூலைகளை வெட்ட வேண்டாம், ஒழுகும். உள்ளே மடித்துவிட்டால் போதும். அது 1 செ.மீ. அமிழ்ந்தால் 282 கன செ.மீ. தண்ணீரை விலக்கும். விலக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவைத்தான் கப்பல் தாங்கும்; ஒரு கன செ.மீ. தண்ணீர் ஒரு கிராம், அதாவது 282 கிராம் தாங்கும். தாளின் எடை 5 கிராமும் அதில் அடக்கம். விளிம்பு வரை அமிழ்ந்தால் 1,128 கிராம். ஆனால் அவ்வளவு தூரம் போகாது. தண்ணீர் அழுத்தி அழுத்திச் சுவர் உள்ளே வளையும், நார்கள் நனைந்து தாள் தொளதொளத்துவிடும். அடியில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தால் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தாங்கும்.

பக்கச்சுவரில் 1, 2, 3 செ.மீ. உயரத்தில் பென்சிலால் கோடு போடட்டும். நிஜக் கப்பலிலும் இதற்கு மேல் அமிழக் கூடாது என்று ஒரு கோடு உண்டு. அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி மாலுமிகள் சாவதைப் பார்த்து பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடினார்; 1876ல் பிரிட்டன் அந்தக் கோட்டைச் சட்டமாக்கியது. இதை அவனுக்குக் கட்டாயம் சொல்.

அப்புறம் ஒன்று. கப்பல் சாயும்போது கை கொடுத்துப் பிடித்துவிடாதே. மூழ்கட்டும். எந்தக் கோட்டில், எத்தனையாவது கோலியில், எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவனே எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் போடுங்கள், நானும் இங்கே பாத்திரத்தோடு உட்காருகிறேன். நீயும் ஒரு கப்பல் மடித்து வை.

அன்புடன்,
அப்பா