ஞாயிறு போச்சியா ஆட்டம்: பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நம் குழந்தைகளுக்கான போச்சியா ஆட்டம் வரும் ஞாயிறு காலை 7 மணிக்குப் பள்ளி உள்ளரங்கில் நடைபெறும். ஒரு தரப்புக்குச் சிவப்புப் பந்துகள் 6, மறுதரப்புக்கு நீலம் 6. தம் பந்துகளை வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் சேர்ப்பதே ஆட்டம் என்பதால், சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் உடன்பிறந்தவர்களும் விட்டுக்கொடுக்காமல் மோதலாம். 1984 முதல் பாராலிம்பிக்கில் உள்ள இவ்விளையாட்டில், கையால் எறிய இயலாதவர்கள் சாய்தளத்தில் பந்தை உருட்டலாம். சாய்தளத்தைப் பிள்ளை சொல்லும் பக்கம் நகர்த்தும் உதவியாளர், ஆடுகளத்திற்கு முதுகு காட்டி அமர்ந்து, திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். (நமக்கு இதுதான் கடினம்.) ஆனால், நமக்கே கட்டளையிடும் பிள்ளையின் பெருமிதத்தை நேருக்கு நேர் காணும் இடமும் அதுவே. அண்ணன், தங்கைகளையும் தவறாமல் அழைத்து வாருங்கள். வருபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பெயரைப் பதிவு செய்யவும்.